வெறுங்காலுக்கு அனுமதி இல்லை

ஆளைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்க்காமல் அவர் வண்டியைக் கிளப்ப மாட்டார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியிருந்தாலும் சரி, "கொஞ்சம் எறங்கி நில்லுங்க" என்பார். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, வெளிநாடு போகிறவர் மட்டும் நடுத்தெருவில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோல நிற்க வேண்டும். இவர் ஒரு சுற்று வருவார். சட்டைப் பொத்தான், பேண்ட் ஜிப், காலில் என்ன கிடக்கிறது, எல்லாவற்றையும் பார்ப்பார். பிறகு, "ம், ஏறுங்க." விசா கிடைத்தபோதுகூட அவ்வளவு நிம்மதி வந்திருக்காது என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

திண்டிவனத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்த கிளினிக்குக்கு நேர் எதிரில் டாக்சி ஸ்டாண்டு. அங்கே நின்ற ஏழெட்டு வண்டிகளில் அவருடையதும் ஒன்று. ஏர்போர்ட் சவாரி என்றால் ஒலக்கூரிலிருந்து பெருமுக்கல் வரை அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். இப்போது வண்டி ஓட்டுவதில்லை, மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். ஆனாலும், உடையைக் காரணம் காட்டி யாரையோ விமானத்தில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று கைபேசியில் செய்தி வந்தால், "பாவம், நம்ம டிரைவர் அண்ணன் வண்டியில போகல போலக்கிது" என்று எங்கள் வீட்டில் யாராவது சொல்லிவிடுவோம்.

அவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"ஏண்ணே, நீங்க வண்டி ஓட்டுறீங்களா, ஜவுளிக்கடை நடத்துறீங்களா?"

சிரிக்கவில்லை. வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தர திருப்பிக் கூட்டிக்கினு வந்திருக்கேன் சிஸ்டர். கைலியும் முண்டா பனியனுமா வந்தாரு. மேல ஒரு துண்டு. 'வெக்கையா கீது, அங்க போயி மாத்திக்கிறேன்'னாரு. நானும் சரின்னுட்டேன். கவுண்டர்ல ஏத்த முடியாதுன்னுட்டாங்க. பெட்டியில நல்ல துணி இருந்துது. ஆனா பெட்டிய மொதல்லயே பிளாஸ்டிக் சுத்திக் கட்டிட்டிருந்தாங்க. அத அறுத்து எடுத்து மாத்திக்கினு போறதுக்குள்ள கவுண்டர மூடிட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? அதே வண்டியில திரும்பி வந்தோம். துண்டால மூஞ்ச மூடிக்கினு பின்சீட்ல உக்காந்திருந்தாரு. வீட்ல போயி எறங்குறோம், வழியனுப்ப வந்தவங்க இன்னும் பந்தியில உக்காந்து சாப்ட்டுக்கினு கீறாங்க. அந்த மாதிரி ஒரு ரிட்டன் எனக்கு இன்னொரு வாட்டி வேணாம்."

மற்ற டிரைவர்கள் சென்னையிலிருந்து திரும்பும்போது சவாரி கிடைக்காதா என்று தேடுவார்கள். இவர் காலி வண்டியோடு விசிலடித்துக்கொண்டு வருவார். காலியாக வந்தால்தான் போன ஆள் போய்ச் சேர்ந்தார் என்று கணக்கு. அதிலும், ஆளை இறக்கிவிட்டதும் கிளம்பிவிட மாட்டார். பார்க்கிங்கிலேயே நிற்பார். "உள்ள போயி போர்டிங் பாஸ் கைக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. அப்பறந்தான் வண்டிய எடுப்பேன்" என்பது அவர் எல்லோருக்கும் சொல்கிற கடைசி வாக்கியம்.

டிக்கியில் ஒரு ரெக்ஸின் பை எப்போதும் கிடக்கும். அதில் இரண்டு பேண்ட், மூன்று சட்டை, துப்பட்டா, சேஃப்டி பின், ஆணுக்கும் பெண்ணுக்கும் செருப்பு, எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டு இருக்கும். வாங்கிப் போட்டுக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் திருப்பித் தரவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை. இடுப்பில் நிற்காத பேண்ட்டுக்குக் கட்டிக்கொள்ள ஒரு கயிறுகூட அந்தப் பையில் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் கிளினிக்கில் கூட்டம். ஒரு வாலிபரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சிஸ்டர், இவரு சட்டையில இன்னா எழுதிக்கிதுன்னு படிச்சி சொல்லுங்க. சிங்கப்பூர் போறாராம்."

சந்தையில் வாங்கிய பனியன் சட்டை. நெஞ்சு முழுக்கப் பெரிய பெரிய ஆங்கில எழுத்து. நான் படித்தேன். படித்துவிட்டு ஊசித் தட்டைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். அந்த வாலிபருக்கோ அதன் பொருள் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டுதான் அன்று காலை கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறார்.

"இன்னா சிஸ்டர், நல்ல வார்த்ததானே?"

"அண்ணே, டாக்டர்கிட்ட வேணா கேளுங்க."

அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அங்கேயே சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடவைத்தார். அன்றிலிருந்து அவர் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு சேர்ந்தது. நெஞ்சில் இங்கிலீஷ் எழுத்து இருந்தால், அது சாமி பெயராகவே இருந்தாலும், திருப்பிப் போட வேண்டியதுதான்.

"கவுண்டர்ல நிக்கிறவங்களுக்கு நம்ம மனசா தெரியும்? மேல கீற துணிதான் தெரியும். அவங்க வேல அது" என்பார். விமானக் கம்பெனிகளை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. மழையைத் திட்டாமல் குடை எடுத்துக்கொண்டு போகிற ஆள்.

நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊர் வெயிலில் கைலியும் பனியனும் ஒரு குற்றமா, டிக்கெட் வாங்கியவன் எதைப் போட்டால் இவர்களுக்கு என்ன என்று ஸ்டாண்டில் நின்று வாதாடுவேன். வாதத்தில் நான் ஜெயிப்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே பையில் இன்னொரு சட்டையை மடித்து வைப்பார்.

பிறகு எங்கள் முறை வந்தது.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். அங்கே இரும்புக் கம்பிக்கட்டு சரிந்து வலது காலில் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இவர் கையெழுத்துப் போட மறுத்தார். "அம்மா வந்து சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று ஒரே பிடிவாதம். காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. நர்ஸாக இருப்பதில் இதுதான் கொடுமை, அந்தக் காய்ச்சலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் அவசரமாக விசா எடுத்து அத்தைக்கும் எனக்கும் டிக்கெட் அனுப்பினார்கள்.

அத்தை என்றால் என் மாமியார். செய்தி வந்த அன்றே விழுப்புரத்தில் எங்கள் தெரு மாரியம்மன் முன்னால் போய் நின்று, மகன் எழுந்து நடக்கிற வரைக்கும் காலில் செருப்பு போடுவதில்லை என்று வேண்டிக்கொண்டார்.

டிரைவர் அண்ணன் திண்டிவனத்திலிருந்து விடிவதற்குள் விழுப்புரம் வந்துவிட்டார். அன்றும் விடவில்லை. எங்களையும் இறங்கி நிற்கச் சொன்னார்.

"அம்மா, கால்ல?"

"வேண்டுதல்பா."

"சரிம்மா. ஆனா அங்க கேப்பாங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, ஆளு அங்க சாகக் கெடக்கறாரு. செருப்பில்லன்னு ஒரு கெழவிய எவனாவது ஏத்தாம விடுவானா? பேஜாரு பண்ணாதீங்க. ஜல்தி எடுங்க வண்டிய."

அவர் பையைத் திறந்து ஒரு ஜோடி பெண்கள் செருப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதைப் பின்சீட்டில் வீசினேன். வண்டி திண்டிவனத்தைத் தாண்டி, செங்கல்பட்டைத் தாண்டி, மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தது.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் தங்கை வயது இருக்கும். பாஸ்போர்ட்டை வாங்கினாள், பெட்டியை எடை போட்டாள். பிறகு அத்தையின் காலைப் பார்த்தாள்.

"மேடம், வெறுங்காலோட ஏத்த முடியாது. ரூல்."

சொன்னேன். அழுதேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். மேலதிகாரி வந்தார். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். விமானத்துக்குள் கண்ணாடி குத்தலாம், அவசரத்தில் இறங்கினால் கால் கிழியும், ஏதாவது ஒன்றைக் காலில் மாட்டச் சொல்லுங்கள், உடனே போர்டிங் பாஸ் தருகிறோம் என்றார். இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் கவுண்டர் மூடிவிடும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அத்தையிடம் என் செருப்பைக் கழற்றி நீட்டினேன். "நீங்க போடுங்க அத்த. நான் வேற ஏதாச்சும் பாத்துக்கிறேன்."

அவர் பளபளவென்றிருந்த அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் இத மாட்டிக்கினு போனா எம்புள்ள எந்திரிக்க மாட்டான்டி. ஆத்தாகிட்ட சொன்ன வாக்கு. என்ன வுட்டுட்டு நீ போ."

நான் போய் என்ன செய்வது? அம்மாவைப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட மாட்டாரே. அந்தத் தாயையும் மகனையும் மனசுக்குள் எப்படியெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. டிரைவர் அண்ணனுக்கு போன் போட்டேன். மிஸ்டு கால் வரவில்லை என்று பார்க்கிங்கில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அத்தையை எழுப்பி இழுத்துக்கொண்டு நுழைவாயிலுக்கு ஓடினேன். துப்பாக்கி வைத்திருந்த காவலர் வெளியே விடவில்லை. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மூச்சு வாங்க ஓடிவந்த அவர். "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. அத்தையைத்தான் பார்த்தார்.

"அம்மா, மயிலம் மலைக்குக் காவடி எடுத்துக்கினு போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன்."

"நடக்க முடியாம ஒருத்தர் தடுமாறுனா இன்னா பண்ணுவாங்க?"

"பக்கத்துல வர்றவங்க தோள் மாத்திப்பாங்க."

"காவடி கீழ எறங்குதா?"

"அது எப்டி எறங்கும்?"

"அவ்ளோதாம்மா. உங்க காவடிய இப்ப எந்தோள்ல வைங்க. உங்க புள்ள எந்திரிச்சி நடக்கற வரைக்கும் எங்கால்ல செருப்பு ஏறாது. ஆத்தா மேல சத்தியம்."

சொல்லிக்கொண்டே தன் காலில் இருந்ததைக் கழற்றித் தடுப்புக்கு அடியில் தள்ளினார். அத்தை அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மாரியம்மன் கோயில் குங்குமப் பொட்டலத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து, கம்பிக்குள் கையை விட்டு அவர் நெற்றியில் வைத்தார். அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய ஆண் செருப்புக்குள் தன் காலை நுழைத்தார்.

ஒன்றை நான் இங்கே ஒளிக்கக் கூடாது. டிரைவர் அண்ணனுக்குச் சர்க்கரை. மாதாமாதம் அவர் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் நான்தான். "வெறுங்கால்ல மட்டும் நடக்காதீங்கண்ணே, சின்ன முள்ளு போதும்" என்று பத்து முறையாவது சொல்லியிருப்பேன். அந்தத் தடுப்புக்கு முன்னால் எனக்கு அது நன்றாக ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் வாயை மூடிக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கவுண்டர் மூட ஆறு நிமிடம் இருந்தது.

அம்மாவைப் பார்த்த அரை மணி நேரத்தில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். கால் போனது, உயிர் நின்றது. இன்னும் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அந்த ஊர் டாக்டர் பிறகு சொன்னார். என் தாலியை அந்த ஒன்பதாம் நம்பர் செருப்புதான் காப்பாற்றியது என்று சொன்னால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்தோம். கூட்டிப்போக டிரைவர் அண்ணன்தான் வந்திருந்தார். நாற்காலியை மடிப்பது, பெட்டியை ஏற்றுவது, வீட்டுக்காரர் காலுக்குத் தலையணை வைப்பது என்று இருந்ததில் நான் டிரைவர் அண்ணனின் காலைப் பார்க்கவில்லை. ஊரார் காலையெல்லாம் பார்த்து அனுப்பிய மனிதரின் காலை நான் ஒருத்தி பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்திக் கொடுத்தார்கள், நடக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் மாட்டினார். வலிக்கிறது என்று கழற்றி மூலையில் வைத்துத் துண்டு போட்டு மூடிவிட்டார். நான் கெஞ்சினேன், அத்தை அழுதார், அவர் திரும்பவே இல்லை. கடைசியில் சம்பளத்துக்கு வழி பார்க்க வேண்டுமே என்று நான் கிளினிக்குக்குத் திரும்பினேன். அப்போது நாங்கள் மஸ்கட் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. கத்திரி வெயில்.

முதல் நாளே சர்க்கரை பார்க்க டிரைவர் அண்ணன் வந்தார். உள்ளே நடந்து வந்த தடம் தரையில் ஈரமாகத் தெரிந்தது. தண்ணீர் இல்லை.

"அண்ணே, காலத் தூக்குங்க."

"ஒண்ணுமில்ல சிஸ்டர், கல்லு குத்திச்சி."

சுண்டுவிரலுக்குக் கீழே புண் ஆழமாகப் போயிருந்தது. அவருக்கு வலிக்கக்கூட இல்லை. அதுதான் சர்க்கரையின் லட்சணம். அப்போதுதான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது.  அவர் செய்த சத்தியத்தை நான் மறந்தே போயிருந்தேன். அத்தையைச் சமாதானம் செய்யச் சொன்ன வார்த்தை என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன்.

ஸ்டாண்டுக்காரர்கள் சொன்னார்கள். ஏழு மாதமும் அப்படித்தானாம். "எங்களச் செருப்பு போடச் சொல்லிட்டு நீ மட்டும் வெறுங்காலா?" என்று சவாரிக்காரர்கள் கேட்டால், "நான் ஏரோப்ளேன் ஏறலியே" என்பாராம். தார் உருகுகிற மதியத்தில் வண்டியிலிருந்து டீக்கடைக்கு நொண்டிக்கொண்டே ஓடுவாராம். பார்த்துச் சிரித்தோம் என்று அவர்களே தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

டாக்டர் சத்தம் போட்டார். எலும்பைத் தொட்டுவிட்டது, அந்த விரலை எடுத்தாக வேண்டும், இனியும் வெறுங்காலோடு நடந்தால் பாதமே போய்விடும் என்றார். நான் மறுநாளே அத்தையை விழுப்புரத்திலிருந்து கூட்டிவந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும் சாமி. என் வேண்டுதல எங்கிட்டயே குடுத்துடு."

"எப்டிம்மா குடுக்கறது? உங்க புள்ள நடந்தாரா?"

"இல்லப்பா."

"அப்ப இன்னும் மலையே வரலியே. நடுவழியில எறக்கச் சொல்றீங்க."

இந்த மனிதரை என்ன செய்வது? விரலை எடுத்தார்கள். கட்டோடு வெறுங்காலில் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்று மாலை வீட்டுக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, தடுப்பு, சர்க்கரை, நான் வாயை மூடிக்கொண்டது, போன விரல், போகப்போகிற பாதம். அழவில்லை. கோபமாகத்தான் சொன்னேன். "உங்களால ஒரு காலுதான் போச்சுன்னு நெனச்சிக்கினு கீறீங்க. இன்னொண்ணும் போய்க்கினு கீது" என்றேன். 

காலையில் நான் எழுந்தபோது மூலையில் துண்டு மட்டும் கிடந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் காலோடு நின்றுகொண்டிருந்தார்.

பன்னிரண்டு நாள். விழுந்தார், எழுந்தார், என்னையும் அத்தையையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். பதின்மூன்றாம் நாள் பேருந்து ஏறித் திண்டிவனம் போகலாம் என்றார். டிரைவர் அண்ணன் கட்டு மாற்றுகிற நேரம் பார்த்துப் போனோம். கிளினிக் வாசலிலிருந்து பெஞ்சு வரை, கைத்தடி இல்லாமல், யார் தோளையும் பிடிக்காமல் நடந்தார். பதினோரு அடி. பெஞ்சில் இருந்த நோயாளிகள் என்னவென்று தெரியாமலே நகர்ந்து இடம் விட்டார்கள். டிரைவர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்துமெத்தென்ற செருப்பை நான் வாங்கி வைத்திருந்தேன். கட்டு பெரிதாக இருந்ததால் அது நுழையவில்லை. கத்திரிக்கோலால் வாரை வெட்டிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செயற்கைக் காலை நீட்டியபடி, சுவரைப் பிடித்துச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஐயோ, காலத் தொடாதீங்க."

"சும்மா இருங்கண்ணே" என்று அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டார்.

மாட்டிவிட்ட பிறகுதான் ஒன்று தெரிந்தது. நடக்கப் பழகியவர் தரையிலிருந்து எழுந்திருக்க இன்னும் பழகவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு அசடு வழிய எங்களை நிமிர்ந்து பார்த்தார். நான் ஓடுவதற்குள் டிரைவர் அண்ணன் செருப்புக் காலை ஊன்றி நின்று, இரண்டு கையையும் கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்.